வி.பி. பார்சலும் என் முகமும்

போன வாரம் ஜான்சி என் வீட்டுக்கு வந்தாள். ராஜபாளையத்தில் நான் கடைசியாக வேலை பார்த்த தபால் ஆபீஸில் கவுண்டரில் இருக்கிற பெண். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வரும்போது எனக்கு ஒன்றும் வாங்கி வராதே என்று எத்தனை தடவை சொன்னாலும் கேட்க மாட்டாள். இங்கே பஸ் ஸ்டாண்டில் இறங்கி, எங்கள் ஊர்ப் பால்கோவாவையே எனக்கு வாங்கிக்கொண்டு வருவாள்.

அன்றைக்கு அவள் முகம் சரியில்லை. ஒரு பையன் தினமும் கவுண்டருக்கு வந்து பார்சல் வந்துவிட்டதா என்று கேட்கிறானாம். இவள் நம்பரைப் போட்டுப் பார்த்தால் அப்படி ஒரு பார்சலே கிடையாது. கடைசியில் அவன் தன் போனைக் காட்டியிருக்கிறான். கஞ்சாவைத் தபாலில் வீட்டுக்கே அனுப்புகிறோம் என்று சொல்கிற ஏதோ ஒரு வெப்சைட். பணம் கட்டியிருக்கிறான். பொருள் வரவில்லை. மிரட்டல்தான் வந்திருக்கிறது. பார்சல் சோதனையில் மாட்டிக்கொண்டது, விடுவிக்க இன்னும் கட்டு, கட்டாவிட்டால் உன் பெயரைப் போலீசில் கொடுப்போம் என்று.

"எனக்கு அவனத் திட்டவும் தெரியல, அனுப்பி விடவும் தெரியலக்கா. மொகம் செத்துப்போயி நிக்கான். நீங்கள்லாம் அந்தக் காலத்துல என்ன செஞ்சீங்க?" என்று கேட்டாள்.

அந்தக் காலத்தில் வெப்சைட் இல்லை. வாரப் பத்திரிகை இருந்தது. மற்றபடி பெரிய வித்தியாசம் இல்லை. ஜான்சியிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். எனக்குப் பேசுவதைவிட எழுதுவது கொஞ்சம் சுலபம்.

என் அப்பா தபால்காரர். வேலையில் இருக்கும்போதே இறந்துபோனார். நான் பத்தாவது முடித்திருந்ததால் அவர் இடத்துக்கு என்னை எடுத்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் பேக்கர் வேலை. எண்பதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. அப்பாவோடு வேலை பார்த்த சுடலை அண்ணாச்சி கோணி ஊசியையும் நூல்கண்டையும் என் கையில் கொடுத்து, "தையி" என்றார். தைத்தேன். "ஒங்கப்பன விட நெருக்கமாத்தான் தைக்க" என்றார். அவ்வளவுதான் பயிற்சி.

பேக்கர் என்றால் மெயில் பை வந்ததும் முத்திரையை வெட்டி, பையைக் கொட்டி, பார்சல்களை எடை போட்டு அடுக்க வேண்டும். போகிற பையைக் கட்டி அரக்கு வைக்க வேண்டும். யாரிடமும் பேச வேண்டியதில்லை. எனக்கு அது பெரிய நிம்மதி. அந்நிய ஆள் யாராவது பெயரைக் கேட்டால்கூட நான் முந்தானை நுனியைப் பார்த்துத்தான் பதில் சொல்வேன். அப்படி ஒரு கூச்சம். இன்றைக்கும் முழுசாகப் போகவில்லை.

வி.பி. பார்சல் என்பதை இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். அனுப்புகிறவன் ஒரு விலை போட்டு அனுப்புவான். நமக்குச் சீட்டு வரும். ஆபீஸில் போய்ப் பணத்தைக் கட்டினால்தான் பார்சல் கைக்கு வரும். பணத்தைக் கட்டும் முன்னால் பிரித்துப் பார்க்க முடியாது. வேண்டாம் என்றால் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம், பார்சல் வந்த வழியே திரும்பிப் போகும். ஆனால் ஆசைப்பட்டு வரவழைத்தவர் யார் வேண்டாம் என்று சொல்வார்?

பத்திரிகைகளில் கட்டம் போட்ட கணக்குப் புதிர் வரும். எப்படிக் கூட்டினாலும் ஒரே விடை வரவேண்டும். அனுப்பினால் நீங்கள் டிரான்சிஸ்டர் வென்றுவிட்டீர்கள், தபால் செலவை மட்டும் கட்டுங்கள் என்று பதில் வரும். தப்பான விடை அனுப்பினவர்களும் வென்றார்கள். எங்கள் ஊரில் அந்தப் புதிரில் தோற்ற ஆள் ஒருவர்கூட இல்லை.

பையிலிருந்து அந்தப் பார்சல்களைத் தூக்குவது நான். டிரான்சிஸ்டர் என்று எழுதியிருக்கும், உள்ளே மணல் சரிகிற மாதிரி ஒரு சத்தம் வரும். எனக்குத் தெரிந்துவிடும். சொல்லக் கூடாது. உள்ளே என்ன இருக்கிறது என்று யூகம்கூடப் பேசக் கூடாது என்பது விதி. நான்தான் யாரோடும் பேசவே மாட்டேனே, அதனால் விதியை மீறுகிற கவலையே எனக்கு இருந்ததில்லை.

ஆனால் முகம் ஒன்று இருக்கிறதே. வளையல் கடை சாகுல் பாய்தான் முதலில் கண்டுபிடித்தார். அவரும் டிரான்சிஸ்டர் வென்றிருந்தார். கவுண்டரில் பணத்தை எடுத்தவர், உள்ளே தராசுப் பக்கம் நின்ற என்னைப் பார்த்தார். நான் உடனே தலையைக் குனிந்துகொண்டேன். அவர் பணத்தைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டு, "இது வேண்டாம் சார். அந்தப் புள்ள எழவு வீட்டுல நிக்கிற மாதிரி நிக்கிது" என்றார்.

அது ஊருக்குள் பரவிவிட்டது. சீட்டை நீட்டுகிறவர்கள் எல்லாம் எட்டி என்னைப் பார்க்க ஆரம்பித்தார்கள். "அக்கா மொகத்தப் பாருலே. சிரிக்கிதா?" என்று வரிசையில் குசுகுசுவென்று கேட்கும். எனக்கு உடம்பெல்லாம் கூசும். கூசினால் முகம் இன்னும் மோசமாகும். நல்ல பார்சல்கூட என் முகத்தால் திரும்பிப் போயிருக்கிறது. வத்திராயிருப்பு வாத்தியார் ஒருவர் வரவழைத்த அருமையான அகராதி அப்படித்தான் போனது. அன்றைக்கு எனக்கு வெறும் பல்வலி.

அப்போது எங்கள் போஸ்ட் மாஸ்டர் அருளப்பன் சார். நாகர்கோவில் பக்கத்துக்காரர். ஒல்லியான உடம்பு, பெரிய கண்ணாடி, சட்டைப் பையில் எப்போதும் ஒரு மூக்குப்பொடி மட்டை. எந்த வேலையைச் செய்யும் முன்பும் விதியை வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் செய்வார், தமக்குத் தாமே ஞாபகப்படுத்திக்கொள்கிற மாதிரி. ஒரு முறைகூடக் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் பொடியை ஒரு சிட்டிகை கூடுதலாகப் போடுவார். அதனால் அவர் தும்மினால் நாங்கள் எல்லாரும் ஒழுங்காக வேலை பார்ப்போம்.

திரும்பிப் போகிற பார்சல்கள் கூடிவிட்டதைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"மாரியம்மா, நீ ஒண்ணும் பேசுகது இல்ல. எனக்குத் தெரியும். ஆனா உனக்க மொகம் பேசுகு. அதுக்கு விதியில எடமில்ல."

எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அழாத. அழுதா இன்னும் ரெண்டு பார்சல் திரும்பிப் போவும்" என்றார்.

அதற்கு அவரே ஒரு வழி செய்தார். வி.பி. பட்டுவாடா நடக்கிற வேளையில் என் முக்காலியைச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டார். நான் ஜனங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து நூலைச் சிக்கெடுத்துக்கொண்டிருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால் எனக்கு அது பிடித்திருந்தது. சுவருக்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. ஜனங்களும் விடவில்லை. "முதுகு குலுங்குதான்னு பாருங்கடே" என்று கொஞ்ச நாள் என் முதுகைப் பார்த்து முடிவெடுத்தார்கள். பிறகு அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள்.

டிரான்சிஸ்டர் அலை ஓய்ந்த பிறகு மூலிகை அலை வந்தது. பத்திரிகையின் கடைசிப் பக்கங்களில் சின்னதாக ஒரு விளம்பரம். இமயமலைச் சிவமூலிகை, எந்த வலியும் தீரும், ஆபரேஷன் தேவையில்லை, தபாலில் ரகசியமாக அனுப்பப்படும். வடக்கே ஏதோ ஓர் ஊரின் தபால் பெட்டி எண் மட்டும் இருக்கும். கஞ்சா என்ற சொல் எங்கேயும் இருக்காது. ஆனால் படிக்கிறவனுக்குப் புரிகிற மாதிரி எழுதியிருப்பார்கள். கஞ்சாவுக்குச் சட்டம் கடுமையாகியிருந்த நேரம் அது. அதனால் ஏமாந்தவன் யாரிடமும் போய்ச் சொல்ல முடியாது. விளம்பரக்காரன் நம்பியிருந்ததே அந்த வாயடைப்பைத்தான்.

அந்த மூலிகையை வரவழைத்தவர்களில் செல்லையா அண்ணன் ஒருவர். எங்கள் ஊர்க்காரர். ராஜபாளையத்தில் ஒரு மில்லில் பிட்டர். தினமும் பஸ்ஸில் போய் வருவார். பீடிகூடக் குடிக்காத மனுஷன். அவர் மனைவி பொன்னுத்தாய்க்கு வாயின் உட்புறம் கன்னத்தில் ஒரு புண் வந்து ஆறாமல் இருந்தது. இங்கே டாக்டர் பார்த்துவிட்டு, தாமதிக்காமல் மதுரைக்குக் கூட்டிப் போங்கள், அறுத்து எடுத்தால் பிழைக்கலாம் என்று சொல்லியிருந்தார். அந்த அம்மாவுக்கு அறுப்பது என்றாலே பயம். செல்லையா அண்ணனுக்கு அதைவிடப் பயம். மதுரைப் பயணத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். இதெல்லாம் தெரு முழுக்கத் தெரிந்த விஷயம். மூலிகைக்கு எழுதிப் போட்டது மட்டும் யாருக்கும் தெரியாது.

ஐப்பசி மழை. மெயில் பை நனைந்து வந்தது. கொட்டினேன். செல்லையா அண்ணன் பெயர் போட்ட பார்சல் ஒன்று ஓரத்தையல் விட்டு வாய் பிளந்திருந்தது. கொஞ்சம் காய்ந்த இலைத்தூள் தரையில் கொட்டிவிட்டது.

அருளப்பன் சார் எழுந்து வந்தார். அனுப்பியவரின் தபால் பெட்டி எண்ணைப் பார்த்தார். மூலிகை விளம்பரத்தில் வந்த அதே எண். விதியைச் சொல்ல ஆரம்பித்தார்.

"சேதமாகி வந்த பார்சல். ரெண்டு பேரு முன்னால எடை போடணும். எடையை எழுதணும். உள்ள இருந்து எதுவும் எடுக்கப்படாது. கொட்டினதக் கூட்டி உள்ள போடணும். மறுபடி தைச்சு, நம்ம முத்திரை வைக்கணும். உள்ள தடை செய்யப்பட்ட பொருளு இருக்குன்னு தெரிஞ்சா போலீசுக்குச் சொல்லணும்."

கடைசி வரியைச் சொல்லிவிட்டு நின்றார். போலீஸ் என்றால் என்ன ஆகும் என்று அவருக்கும் சுடலை அண்ணாச்சிக்கும் எனக்கும் தெரியும். செல்லையா அண்ணன் உள்ளே போவார், மில் வேலை போகும். அந்த அம்மா புண்ணோடு தனியாகக் கிடக்கும்.

எடை போட்டோம். எழுதினார். நான் தரையில் கிடந்ததை ஒரு காகிதத்தில் கூட்டி அள்ளினேன். சார் அதை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். பல வருஷம் பொடி போட்ட மூக்கு. அதற்கு மல்லிகையும் மண்ணெண்ணெயும் ஒன்றுதான்.

"எனக்கு ஒண்ணும் தெரியல. ஒனக்கு வாசம் வருகா மாரியம்மா?"

எனக்கு எப்போதோ வந்துவிட்டது. எங்கள் தெருவில் அந்த வாசம் அறியாத குழந்தைகூடக் கிடையாது. கோயிலுக்குக் கட்டுகிற மாலையில் மிஞ்சினது காய்ந்து வாசலில் கிடக்குமே, அதே வாசம். ஆனால் நான் வாயைத் திறந்து சொல்ல வேண்டுமே. முந்தானையைப் பார்த்தேன்.

"துளசி சார்."

சுடலை அண்ணாச்சி ஒரு துணுக்கை எடுத்துக் கசக்கிப் பார்த்தார். "ஆமா, துளசிதான். கூடக் கொஞ்சம் டீத்தூளு."

"துளசியா?" என்றார் சார். "சீவில்லிபுத்தூருக்கா?"

"இமயமலையிலருந்து வருதுல்லா. நம்ம நந்தவனத்துத் துளசிய விட ஒசத்தியா இருக்கும்" என்றார் அண்ணாச்சி.

சார் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். போலீசுக்குச் சொல்ல வேண்டிய பொருள் இல்லை என்ற நிம்மதியும் அந்தச் சிரிப்பில் இருந்தது. பிறகு சட்டென்று நிறுத்திவிட்டார்.

"தைச்சிரும்மா. ஒரு துணுக்கு விடாம உள்ள போட்டு."

தைத்தேன். நெருக்கமாக, சின்னச் சின்னத் தையலாக. மெழுகுவர்த்தியில் அரக்கை உருக்கி, தையல் முடிச்சின் மேல் சொட்ட விட்டேன், சூடு ஆறும் முன் சார் பித்தளை முத்திரையை அழுத்தினார். அந்த வேலையில் எனக்கு எப்போதும் ஒரு சந்தோஷம் உண்டு. அன்றைக்கு இல்லை. ஒரு மனுஷனின் கடைசி நம்பிக்கைக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தே அதை அழகாகத் தைத்து மூடிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் செல்லையா அண்ணன் சீட்டோடு வந்தார். நான் வழக்கம்போலச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். குரலை வைத்துத்தான் அவர் என்று தெரிந்தது. மெதுவாக, திருட்டுப் பொருளை வாங்க வந்தவர் மாதிரிப் பேசினார்.

"பார்சல் ஒண்ணு வந்திருக்காம் சார்."

"வந்திருக்கு. வீட்டுல எப்பிடி இருக்காங்க?" என்றார் சார்.

"கஞ்சிகூட எறங்கல. மதுரைக்குப் போவோம்னு பணம் எடுத்து வச்சிருந்தேன். இது வந்துட்டுல்லா. இனி அறுக்க வேண்டாம்னு அவகிட்டச் சொல்லிட்டேன். அவளுக்கு அம்புட்டு சந்தோஷம்."

ரூபாய் நோட்டைப் பிரிக்கிற சத்தம் கேட்டது. என் கையில் நூல் சிக்கிக்கொண்டது. மதுரைக்கு என்று வைத்திருந்த பணம், துளசிக்கும் டீத்தூளுக்கும். பணம்கூடப் பெரிதில்லை. இந்தப் பொட்டலம் வீட்டுக்குப் போனால் அந்த அம்மா மதுரைக்குப் போக மாட்டாள்.

சார் பொடி மட்டையைத் திறக்கிற சத்தம். தும்மல் மட்டும் வரவில்லை.

"மாரியம்மா."

"சார்."

"அந்த நூல்கண்ட எடுத்துட்டு இங்க வந்து நில்லு. கவுண்டருப் பக்கம். வெளிச்சத்துல."

எழுந்தேன். திரும்பினேன். இத்தனை மாதமாகச் சுவருக்குக் காட்டிய முகத்தோடு கவுண்டர் கம்பிக்கு முன்னால் போய் நின்றேன். தலையைக் குனியப் போனேன். "குனியாத" என்றார் சார், ரொம்ப மெல்ல.

செல்லையா அண்ணன் என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். அந்நிய ஆண் ஒருவர் முகத்தை அப்படி நேராக நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சவரம் செய்யாத முகம். கண்ணில் தூக்கமே இல்லை. என் முகம் அப்போது எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. எதையும் அடக்க முயற்சி செய்யவில்லை என்பது மட்டும் தெரியும்.

"ஏத்தா," என்றார். "இத வாங்கவா?"

நான் முகத்தைத் திருப்பவில்லை.

அவர் நோட்டுகளைக் கைக்குள் இறுக்கிக்கொண்டார். "வாங்கலேன்னா அவளுக்கு நான் என்ன பதில் சொல்ல? நீங்க வந்து சொல்லுவீங்களா? அவ வலியில முனங்குதா, நீங்களா கேக்கீங்க?" ஹாலில் நின்ற எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அருளப்பன் சார் கவுண்டரைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார். நான் பார்த்து, பட்டுவாடா வேளையில் அவர் இருக்கையை விட்டு ஜனங்கள் பக்கம் வந்ததே இல்லை. செல்லையா அண்ணன் பக்கத்தில் போய் நின்றார்.

"வாங்கணும்னு கட்டாயம் ஒண்ணும் இல்ல. வேண்டாம்னு ஒரு கையெழுத்துப் போட்டா வந்த வழியே போயிரும். ஆரும் ஒரு கேள்வி கேக்க மாட்டாங்க. விதி அவ்வளவுதான்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எனக்க அக்காளுக்கும் இதே சீக்குதான் வந்துது. பெரியாஸ்பத்திரியில வலிக்கு மருந்து குடுக்காங்க. நல்ல மருந்து. ஒளிச்சு வாங்க வேண்டாம். இப்ப போனா மதுரை வண்டி கெடைக்கும்" என்றார்.

"ஒங்க அக்கா இருக்காவளா?"

"நாங்க பிந்திட்டோம்" என்றார் சார்.

செல்லையா அண்ணன் நோட்டுகளை மடித்துப் பைக்குள் வைத்தார். கையெழுத்துப் போட்டார். எங்கள் யாரையும் பார்க்காமல் போனார். நான் பார்சலின் மேல் 'வாங்க மறுத்தார்' என்ற சீட்டை ஒட்டினேன். சாயங்காலப் பையில் துளசி திரும்பிப் போனது. சார் என் முக்காலியை மறுபடி சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டார். அன்று முழுவதும் தும்மிக்கொண்டே இருந்தார்.

அதன்பிறகு ஒரு சேதியும் இல்லை. அவர் வீடு பூட்டிக் கிடந்தது. அந்த அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என் முகத்தைத்தானே நினைப்பார்கள். மூலிகை நல்லதாகவே இருந்திருக்கும், அந்தப் பெண்தான் கெடுத்துவிட்டது என்று நினைத்தால்? வாயால் சொன்ன சொல் என்றால் மாற்றிச் சொல்லலாம். முகத்தால் சொன்னதை எப்படி மாற்றுவது?

இவ்வளவையும் கேட்டுவிட்டு ஜான்சி, "அப்ப நான் அந்தப் பையன்கிட்ட என்னக்கா சொல்லட்டும்?" என்றாள்.

"இனி ஒரு பைசா கட்டாதேன்னு சொல்லு. மிரட்டுறவன் போலீசுக்குப் போக மாட்டான், அவனுக்கே ஊரு பேரு கிடையாதுன்னு சொல்லு. அவன உக்கார வச்சு, எதுக்கு இது வேண்டியிருக்குன்னு கேளு" என்றேன். "அந்த வெப்சைட்டுல அவன் பாத்துத் தெரிஞ்சுக்கிட ஒரு மொகம்கூட இல்ல. ஒன் மொகம்தான் இருக்கு."

"சரிக்கா" என்றாள். பிறகு, "அந்த அம்மா?" என்று கேட்டாள்.

அந்த வருஷ மழை எல்லாம் முடிந்து, பங்குனி வெயில் தொடங்கியிருந்தது. பட்டுவாடா நேரம். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்து நூலைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தேன். கவுண்டரில் ஒரு பெண் குரல். சொற்கள் சரியாக உருளவில்லை, கன்னத்தில் எதையோ அடக்கிக்கொண்டு பேசுகிற மாதிரி இருந்தது.

"பார்சல் ஒண்ணும் இல்ல சார். அறுத்துட்டு மதுரையிலருந்து நேத்துதான் வந்தோம். செத்த நேரம் அந்தப் புள்ளயத் திரும்பச் சொல்லுங்க."

அருளப்பன் சார் எந்த விதியையும் சொல்லவில்லை. நான் திரும்பவில்லை. என்னால் முடியவில்லை.

"திரும்புத்தா," என்றாள் பொன்னுத்தாய். "அவிய பாத்த மொகத்த நானும் ஒரு தடவ பாத்துட்டுப் போறேன்."